கீட்டோசிஸின்போது கார்னிடைனுக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தாலும், சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் போனாலும், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. இதைத்தான் கீட்டோசிஸ் என்கிறோம். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டில் ‘ஃப்ரீ கார்னிடைன்’ குறைந்தும் ‘அசைல்கார்னிடைன்’ கூடியும் இருக்கும். அதைப் பார்த்ததும் கார்னிடைன் குறைபாடு வந்துவிட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. எது இயல்பான மாற்றம், எதைப் பார்த்தால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

கார்னிடைன் என்றால் என்ன?

உடலே தயாரித்துக்கொள்ளும் ஒரு சின்ன மூலக்கூறு. 1905-இல் இறைச்சிச் சாற்றில் கண்டுபிடித்தார்கள். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரலும் சிறுநீரகமும் இதைச் செய்கின்றன. அதற்கு வைட்டமின் சி, இரும்புச்சத்து, வைட்டமின் பி6, நியாசின் ஆகியவை வேண்டும். பெரியவர் ஒருவரின் உடல் நாளொன்றுக்குச் செய்வது 10 முதல் 20 மில்லிகிராம்தான். மீதி உணவிலிருந்து வருகிறது.

மொத்தக் கையிருப்பு ஏறக்குறைய 20 கிராம். அதில் 95 சதவீதத்துக்கும் மேல் எலும்புத் தசைகளிலும் இதயத்திலும் இருக்கிறது. ஆனால் தசையால் கார்னிடைனைச் செய்ய முடியாது, ஏனென்றால் கடைசிப் படிக்கான நொதி அதனிடம் இல்லை. தனக்கு வேண்டியதை எல்லாம் ரத்தத்திலிருந்துதான் இழுத்துக்கொள்கிறது.

கொழுப்பு எரிவதில் அதற்கு என்ன வேலை?

கொழுப்பு எரியும் அடுப்பு, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்புக்குள் இருக்கிறது. நீளமான கொழுப்பு அமிலங்கள் அதன் உள்சவ்வைத் தாமாகத் தாண்ட முடியாது. செல்லுக்குள் வந்ததும் அவை கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறுடன் சேர்ந்துகொள்கின்றன. சுருக்கமாகக் கோஏ. அந்தக் கோஏவும் சவ்வைத் தாண்டாது.

அதனால் வாசலில் ஒரு கைமாற்று நடக்கிறது. வெளிச்சவ்வில் இருக்கும் சிபிடி-1 என்ற நொதி, கொழுப்பு அமிலத்தைக் கோஏவிடமிருந்து பிரித்துக் கார்னிடைனிடம் கொடுக்கிறது. இப்படிச் சுமை ஏறிய கார்னிடைனுக்குத்தான் அசைல்கார்னிடைன் என்று பெயர். உள்சவ்வில் உள்ள கடத்தி அதை உள்ளே விட்டு, பதிலுக்குச் சுமையில்லாத ஒரு கார்னிடைனை வெளியே அனுப்புகிறது. உள்ளே சிபிடி-2 சுமையை இறக்கி மறுபடியும் ஒரு கோஏவிடம் ஒப்படைக்கிறது. கார்னிடைன் அடுத்த நடைக்குத் தயார்.

உள்ளே ஒன்று போனால் வெளியே ஒன்று வர வேண்டும் என்ற அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கடத்தி வழியாகச் சுமையோடு கூட ஒரு கார்னிடைன் வெளியே வரலாம். பின்னால் வரும் பல விஷயங்கள் அதிலிருந்துதான் புரியும்.

சாப்பிட்டிருக்கும்போது கொழுப்பு ஏன் இப்படி எரிவதில்லை?

வாசல் பூட்டியிருப்பதால். பூட்டின் பெயர் மலோனைல் கோஏ. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், கல்லீரல் குளுக்கோஸிலிருந்து புதிதாகக் கொழுப்பைச் செய்யத் தொடங்கும். அந்தத் தயாரிப்பின் முதல் சரக்கு மலோனைல் கோஏ. அது சிபிடி-1-ஐ அடக்கிவிடும். கொழுப்பு செய்யும் நேரத்தில் கொழுப்பை எரிக்காமல் இருக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மெக்கேரி, ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். உயிர்வேதியியலில் இவ்வளவு அழகான விடை கிடைப்பது அபூர்வம் என்பது என் எண்ணம்.

பட்டினியில் இன்சுலின் இறங்கி, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறுகிறது. மலோனைல் கோஏ குறைகிறது, வாசல் திறக்கிறது. அதோடு கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாக வந்து சேர்கின்றன. நாள் போகப்போக கல்லீரல் சிபிடி-1-ஐக் கூடுதலாகத் தயாரிக்கிறது, மிச்சமிருக்கும் மலோனைல் கோஏவுக்கு அது முன்போல அடங்குவதும் இல்லை.

கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயிலும் இதேதான். ரத்தத்தில் குளுக்கோஸ் பொங்கி வழிந்தாலும் இன்சுலின் இல்லாததால் கல்லீரல் அதைப் பட்டினியாகவே எடுத்துக்கொள்கிறது.

சரி, அப்போது ரத்தத்தில் கார்னிடைன் எப்படி மாறுகிறது?

மூன்று வரியில் சொல்லிவிடலாம். சுமையில்லாத ஃப்ரீ கார்னிடைன் இறங்கும். சுமையேறிய அசைல்கார்னிடைன் ஏறும். இரண்டையும் கூட்டினால் வரும் மொத்தம் பெரிதாக மாறாது, அல்லது கொஞ்சம் குறையும்.

காரணம் சற்று விரிவானது. கொழுப்பு எரியும்போது அசிட்டைல் என்ற சின்னத் துண்டுகளாக உடைந்து கோஏவுடன் சேர்கிறது; அதுதான் அசிட்டைல் கோஏ. கொழுப்பு வேகமாக எரியும்போது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அது குவிகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியைக் கீட்டோனாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். அப்படியும் மிஞ்சுகிறது. தசையிலோ கீட்டோன்களும் கொழுப்பு அமிலங்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து அசிட்டைல் கோஏவைக் குவிக்கின்றன. செல்லிடம் இருக்கும் கோஏ அளவானது. அத்தனையும் அசிட்டைலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் மற்ற வேலைகளுக்குக் கோஏ கிடைக்காது, எரிப்பே தடைப்படும்.

இங்கே கார்னிடைன் தன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. கார்னிடைன் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி, அசிட்டைலைக் கோஏவிடமிருந்து வாங்கிக் கார்னிடைனின் தலையில் ஏற்றுகிறது. கோஏ விடுபடுகிறது. அசிட்டைல்கார்னிடைன் சவ்வைத் தாண்டி, செல்லைத் தாண்டி, ரத்தத்துக்கு வருகிறது. கீட்டோசிஸில் ரத்தத்தில் கூடும் அசைல்கார்னிடைனில் பெரும்பங்கு இந்த அசிட்டைல்கார்னிடைன்தான்.

ஆக, ஃப்ரீ கார்னிடைன் எங்கும் காணாமல் போகவில்லை. சும்மா இருந்த ஆட்கள் சுமை தூக்கப் போயிருக்கிறார்கள்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் காட்ட முடியுமா?

விளக்குவதற்காக நானே எழுதிய எண்கள் இவை. இரண்டு நாளாக வாந்தி, சரியாகச் சாப்பிடாத ஒரு குழந்தை. மொத்தக் கார்னிடைன் லிட்டருக்கு 46 மைக்ரோமோல், ஃப்ரீ 20, அசைல் 26. ஃப்ரீ கார்னிடைனுக்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்று குறி. அசைலை ஃப்ரீயால் வகுத்தால் 1.3. இந்த விகிதம் சாதாரணமாக 0.4-க்குள் இருக்க வேண்டும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

அதே குழந்தை தேறி, ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்தால்: மொத்தம் 44, ஃப்ரீ 36, அசைல் 8, விகிதம் 0.22. மொத்தத்தைப் பாருங்கள். முதல் முறையும் அது குறையவே இல்லை. பங்கீடுதான் மாறியிருந்தது. முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ‘குறைபாடு’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல் வருடக்கணக்கில் குழந்தையின் கோப்பில் நின்றிருக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு 50 மைக்ரோமோல் என்று வைத்தாலும், ஒரு பெரியவரின் 3 லிட்டர் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) இருக்கும் கார்னிடைன் 24 மில்லிகிராம்தான். உடலில் இருப்பதோ 20 கிராம். ரத்த ரிப்போர்ட் நமக்குக் காட்டுவது அவ்வளவு சின்ன ஜன்னல். தசையில் என்ன இருக்கிறது என்பதை அதை வைத்து அப்படியே சொல்லிவிட முடியாது.

எவ்வளவு நேரம் பட்டினி இருந்தால் இந்த மாற்றம் தெரியும்?

ஒரு இரவு சாப்பிடாததில் லேசாகத் தொடங்கும். ஒன்றரை நாளில் தெளிவாகவே தெரியும். குழந்தைகளிடம் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரையின் கையிருப்பு குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம். கீட்டோன் அளவு ஏறுவதும் அசைல்கார்னிடைன் ஏறுவதும் கைகோத்தே போகும்.

பட்டினிக் கீட்டோசிஸும் சர்க்கரை நோயின் கீட்டோஅசிடோசிஸும் கார்னிடைனைப் பொறுத்தவரை ஒன்றா?

திசை ஒன்று, தீவிரம் வேறு.

பட்டினியில் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும். கீட்டோன் கூடும்போது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு வெளியேறுவது ஓரளவு மட்டுப்படும். அதனால் ரத்தக் கீட்டோன் இரண்டு மூன்று நாளில் 2 முதல் 3 மில்லிமோல் வரை ஏறும், வாரக்கணக்கில் நீண்டால் இன்னும் கூடி ஒரு மட்டத்தில் நிற்கும். கீட்டோஅசிடோசிஸில் இந்தப் பிரேக் கிடையாது. இன்சுலின் ஏறக்குறைய இல்லை, எதிர்நிற்கும் ஹார்மோன்கள் எல்லாம் உச்சத்தில். கீட்டோன் 10-ஐத் தாண்டிப் போவது சாதாரணம், ரத்தம் அமிலமாகிறது. ஃப்ரீ கார்னிடைன் இறங்குவதும் அசைல் ஏறுவதும் அதற்கேற்ப அதிகம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். கீட்டோஅசிடோசிஸில் சிறுநீர் வெள்ளமாகப் போய் உடல் வறண்டிருக்கும். ரத்தம் கெட்டிப்பட்டிருப்பதால் ரிப்போர்ட்டில் உள்ள செறிவு உண்மை நிலையை மறைக்கலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் வெளியேற வேண்டிய அசைல்கார்னிடைன் தேங்கிவிடும். ஆகவே நெருக்கடியின் நடுவில் எடுத்த கார்னிடைன் எண்ணை வைத்து நீண்டகால முடிவு எதுவும் எடுக்கக்கூடாது என்பேன்.

சிறுநீரில் கார்னிடைன் வீணாகிறதா?

சாதாரண நாளில் சிறுநீரகம் வடிகட்டிய கார்னிடைனில் 95 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஓசிடிஎன்-2 என்ற கடத்திதான் அதைச் செய்கிறது. சுமையேறிய கார்னிடைனை அவ்வளவு திறமையாகத் திருப்பி எடுக்க அதற்கு முடிவதில்லை. அதனால் கீட்டோசிஸில் சிறுநீரில் போகும் கார்னிடைனில் அசைல் வகையின் பங்கு கூடுகிறது. ஹாப்பல், ஜெனுத் என்ற ஆய்வாளர்கள் 1979 முதல் 1982 வரை பட்டினியிலும் சர்க்கரை நோய்க் கீட்டோசிஸிலும் இதை அளந்து எழுதினார்கள். சிறுநீரில் அசிட்டைல்கார்னிடைன் கூடுவது இரண்டிலுமே தெரிந்தது.

சில நாள் கீட்டோசிஸில் போகும் அளவு, 20 கிராம் கையிருப்போடு ஒப்பிட்டால் அற்பம். மாதக்கணக்கில் கீட்டோசிஸ் தொடர்ந்தால், அதிலும் உணவில் கார்னிடைன் குறைவாக இருந்தால், கணக்கு மாறலாம்.

கல்லீரலில் என்ன நடக்கிறது? அங்கேயும் குறைகிறதா?

இதுதான் பலருக்கு வியப்பைத் தரும் இடம். பட்டினி போட்ட எலிகளிலும் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளிலும் கல்லீரலின் கார்னிடைன் கூடவே செய்தது. மெக்கேரி குழு 1975-இல் இதைப் பார்த்துவிட்டு, கீட்டோன் உற்பத்தியைத் தூண்டுவதில் கார்னிடைனுக்கும் பங்கு இருக்கிறது என்று எழுதியது. முக்கியமான திறவுகோல் மலோனைல் கோஏ என்று தெரிந்தது இரண்டு வருடம் கழித்துத்தான். ரத்தத்தில் இறங்கும் எண்ணைப் பார்த்து ‘உடலில் கார்னிடைன் வறண்டுவிட்டது’ என்று சொல்வது எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதற்கு இந்த எலிக் கல்லீரலைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கல்லீரலில் இருக்கும் சிபிடி-1 மிகக் குறைந்த கார்னிடைனை வைத்தே வேலை செய்யும் வகை. தசையில் உள்ள வகைக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதனால் கார்னிடைன் சற்றுக் குறைந்தாலும் கல்லீரலின் கீட்டோன் உற்பத்தி நின்றுவிடாது.

‘ஹைட்ராக்ஸிபியூட்டிரைல்கார்னிடைன்’ கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால்?

முதலில் கீட்டோன் எவ்வளவு என்று பாருங்கள். கீட்டோன்களில் முக்கியமானதான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டும் கார்னிடைனின் தலையில் ஏறும். அந்தச் சேர்மத்தைக் கீட்டோகார்னிடைன் என்றே சிலர் அழைக்கிறார்கள். கீட்டோசிஸில் இருக்கும் யாருக்கும் அது கூடும். இதே எடையுள்ள இன்னொரு மூலக்கூறு ஓர் அரிய பரம்பரை நோயிலும் கூடும், வழக்கமான கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அதனால்தான் குழப்பம்.

அதேபோல பதினான்கு கார்பனும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட அசைல்கார்னிடைன் பட்டினியில் லேசாக ஏறும். நீளமான கொழுப்பு அமிலங்களை எரிக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறையும் விஎல்சிஏடி குறைபாடு என்ற நோயின் அடையாளமும் அதேதான். சந்தேகம் வந்தால் சாப்பிட்ட நிலையில் மறுபடி எடுப்பது, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை என்று போவார்கள்.

அப்படியானால் எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்?

சர்க்கரை தாழ்ந்திருக்கிறது, ஆனால் கீட்டோன் ஏறவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் அதை லேசாக விடவே கூடாது.

பட்டினியில் சர்க்கரை இறங்கினால் கீட்டோன் ஏறியாக வேண்டும். ஏறவில்லை என்றால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். இன்சுலின் தேவையில்லாமல் அதிகமாகச் சுரக்கிறதா, அல்லது கார்னிடைன் பாதையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓசிடிஎன்-2 கடத்தி பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் சிறுநீரகம் கார்னிடைனைப் பிடித்து வைக்க முடியாது. ஃப்ரீ கார்னிடைன் லிட்டருக்கு 5 மைக்ரோமோலுக்கும் கீழே போகக்கூடும், மொத்தமும் சேர்ந்தே அதலபாதாளத்தில் இருக்கும். கீட்டோசிஸின் மாற்றத்திலிருந்து இதைப் பிரித்தறியும் இடம் அந்த மொத்தம்தான். சிபிடி-1 குறைபாட்டில் நேர்மாறாக ஃப்ரீ கார்னிடைன் கூடியிருக்கும், நீளமான அசைல் வகைகள் குறைந்திருக்கும். ஏற்றுவதற்கு ஆள் இல்லை, அதனால் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். சிபிடி-2 குறைபாட்டிலும் உள்சவ்வுக் கடத்தியின் குறைபாட்டிலும் ஏற்றிய சுமை இறங்காமல் நீளமான அசைல் வகைகள் தேங்கும்.

இந்தக் குழந்தைகள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் ஆரோக்கியமாகவே தெரிவார்கள். ஒரு காய்ச்சல், ஒரு வாந்தி, ஓர் இரவு சாப்பாடு இல்லாமல் தூக்கம்: அதுவே ஆபத்தாகிவிடும். மந்தமாக இருக்கும், எழுப்பினால் எழாத, சர்க்கரை தாழ்ந்த குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கீட்டோசிஸில் ஃப்ரீ கார்னிடைன் குறைந்தால் மாத்திரை எடுக்கலாமா?

தற்காலிகப் பட்டினிக்கோ கீட்டோஅசிடோசிஸுக்கோ வேண்டியதில்லை. கீட்டோஅசிடோசிஸுக்கு வைத்தியம் திரவம், இன்சுலின், பொட்டாசியம். இன்சுலின் வந்ததும் கொழுப்பு வெள்ளம் நிற்கிறது, மலோனைல் கோஏ பூட்டைப் போடுகிறது, சுமை இறங்கிய கார்னிடைன் தானாகத் திரும்புகிறது. பட்டினியில் இருப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடே அந்த வேலையைத் தொடங்கிவிடும். கீட்டோன் சில மணி நேரத்தில் இறங்கும், கார்னிடைன் பங்கீடு சீராகக் கூடுதல் நேரம் பிடிக்கலாம்.

கொழுப்பு வேகமாகக் கரையும் என்று நினைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆரோக்கியமானவரிடம் வேகத்தைத் தீர்மானிப்பது வாசலின் பூட்டு, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. தவிர, மாத்திரையாக விழுங்கும் கார்னிடைனில் உறிஞ்சப்படுவது 5 முதல் 18 சதவீதம்தான். மீதியைக் குடல் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. அதிகம் எடுப்பவர்களின் உடலில் மீன் வாடை வீசுவது அதனால்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கார்னிடைன் உயிர் காக்கும் மருந்து, ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

வலிப்பு நோய்க்காகக் கீட்டோஜெனிக் உணவில் (கொழுப்பு மிக அதிகமும் மாவுச்சத்து மிகக் குறைவுமான உணவில்) இருக்கும் குழந்தைக்கு?

இங்கே கீட்டோசிஸ் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கிறது. அதனால் தொடங்கும் முன்பும் பிறகும் கார்னிடைனைப் பார்த்துக்கொள்வது வழக்கம். முதல் மாதங்களில் இறங்கிப் பிறகு நிலைப்படுவது உண்டு. எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அளவு உண்மையிலேயே தாழ்ந்தாலோ, சோர்வு, தசைத் தளர்ச்சி போன்ற அறிகுறிகள் இருந்தாலோ கொடுப்பார்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் சேர்ந்து ஓடினால் கூடுதல் கவனம், ஏனென்றால் அந்த மருந்தே கார்னிடைனைக் குறைக்கும்.

பிறவிக் கார்னிடைன் குறைபாடு, சிபிடி-1, சிபிடி-2, கடத்திக் குறைபாடு, கொழுப்பு எரிப்புக் கோளாறுகள் இவற்றில் எது இருந்தாலும் இந்த உணவுமுறை கூடவே கூடாது. கொழுப்பை எரிக்க முடியாத உடலுக்குக் கொழுப்பை மட்டும் கொடுப்பதாகிவிடும்.

சிறுநீர்க் கீட்டோன் பட்டை இதையெல்லாம் காட்டுமா?

கார்னிடைனைக் காட்டாது. கீட்டோனிலும் அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டைக் காட்டாது. கீட்டோஅசிடோசிஸ் தேறிவரும்போது இரண்டாவது முதலாவதாக மாறுவதால், பட்டையின் நிறம் கூடிக்கொண்டே போகிற மாதிரி தெரியலாம். ரத்தக் கீட்டோன் அளவுதான் நம்பகமானது.

கார்னிடைன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது எதையெல்லாம் குறித்துத் தர வேண்டும்?

கடைசியாக எப்போது, எவ்வளவு சாப்பிட்டார் என்பது முதலில். அந்த ஒரு வரி இல்லாத கார்னிடைன் ரிப்போர்ட்டைப் படிப்பது இருட்டில் தடவுவதுதான். அதே நேரத்தில் எடுத்த சர்க்கரை, கீட்டோன் அளவுகள், வாந்தி அல்லது காய்ச்சல் எத்தனை நாளாக, கார்னிடைன் மாத்திரை எடுக்கிறாரா, வால்ப்ரோயேட் உண்டா, கர்ப்பமா என்பதையும் எழுதுங்கள். கர்ப்பத்தில் ரத்தக் கார்னிடைன் இயல்பாகவே வெகுவாக இறங்கும்.

காரணம் தெரியாமல் சர்க்கரை தாழ்ந்த குழந்தை என்றால், குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைப்பது பிற்பாடு நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய உதவி. குளுக்கோஸ் ஏறிவிட்டால் அந்தத் தடயம் கலைந்துவிடும். ரத்தம் உடனே கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்கக்கூடாது, குளுக்கோஸ்தான் முதலில்.